மீனுக்குச் சுகர் ஏறுமா? ஒரு ரத்தச் சோதனையின் நூறு வருடக் கதை

"மீனுக்குச் சுகர் ஏறுமா?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு, "ஏன், அது லட்டு திங்குதா?" என்பார்கள்.

ஏறும். லட்டெல்லாம் தின்ன வேண்டியதில்லை. வலையில் கொஞ்ச நேரம் துள்ளினால் போதும். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் ஏறும், ஒரு வாளியில் நெருக்கி அடைத்தாலும் ஏறும். சில மீன்களுக்கு அன்று முழுவதும் இறங்காது. நமக்குப் பயத்திலும் பதற்றத்திலும் சுரக்கிற அதே இரண்டு ஹார்மோன்கள்தான், அட்ரினலினும் கார்ட்டிசோலும், மீனிலும் அந்த வேலையைச் செய்கின்றன.

இது எப்படித் தெரிய வந்தது என்று ஆறேழு மாதமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை, பி.இ. படித்துவிட்டுக் கோடு எழுதிப் பிழைப்பவன். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, இந்தக் கதையில் ஹார்மோனைவிட வேறொரு விஷயம் என்னை அதிகம் இழுத்தது. அளக்கப் போனவர்கள், அளக்கிற செயலாலேயே அளவை மாற்றிவிட்டார்கள். அதை உணர்ந்து அதிலிருந்து வெளியே வர அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நம்ம ஊர்க் கண்மாய்க்கு வருகிறேன்.

பூனை, நாய், கால்பந்து

ஆரம்பம் மீனில் இல்லை. 1849-ல் பிரான்ஸில் கிளாட் பெர்னார், முயலின் மூளையடியில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஊசியால் குத்தினார். முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அதுவரை சர்க்கரை என்பது சாப்பாட்டிலிருந்து வருவது என்றுதான் நினைத்திருந்தார்கள். உடம்பே சர்க்கரையைத் தயாரித்து வெளியே விடும், அதற்கு நரம்பு மண்டலத்திலிருந்து உத்தரவும் போகும் என்று காட்டியவர் பெர்னார். கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைக்கும் வடிவமான கிளைக்கோஜனை 1857-ல் பிரித்தெடுத்தவரும் அவர்தான்.

அடுத்த முக்கியமான வருடம் 1901. நியூயார்க்கில் இருந்த ஜப்பானியர் ஜோகிச்சி தகாமினே, அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலினைத் தூய படிகமாக எடுத்ததை அறிவித்தார். அதே வருடம் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் புளும், அட்ரினல் சாற்றை விலங்குகளுக்கு ஊசி போட்டால் சிறுநீரில் சர்க்கரை வருகிறது என்று கண்டார். ஆக, பெர்னாரின் முயலுக்கு நடந்ததை ஒரு ரசாயனப் பொருளைக் கொண்டும் நடத்த முடியும் என்று ஆனது.

இதை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தவர் ஹார்வர்டில் இருந்த வால்ட்டர் கேனன். 1911-ல் அவர் பூனைகளை வைத்துச் சோதித்தார். கட்டிப்போட்டதில் மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை இருந்தது. கூண்டில் இருக்கிற பூனையை நாய் குரைத்து மிரட்டினாலும் அதே கதைதான். காயமோ வலியோ தேவைப்படவில்லை, பயமே போதுமானதாக இருந்தது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1913-ன் கால்பந்துச் சோதனை. அந்த சீசனின் கடைசி ஆட்டம், அதுதான் ரொம்பப் பரபரப்பானதும். ஆட்டம் முடிந்ததும் ஹார்வர்டு அணியின் 25 பேருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்த 12-ல் 5 பேர் மைதானத்துக்குள் இறங்கவே இல்லை! மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். நம்ம வீட்டில் இந்தியா–பாகிஸ்தான் மேட்ச் அன்று சுகர் பார்க்க வேண்டாம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டுமா?

மீன் எப்படி உள்ளே வந்தது?

மீன் இந்தக் கதைக்குள் நுழைந்தது அட்ரினலின் வழியாக அல்ல, இன்சுலின் வழியாக.

நம் கணையத்தில் இரண்டு வகைத் திசுக்கள் கலந்து கிடக்கின்றன. பெரும்பகுதி செரிமான நீரைச் சுரப்பது. அதற்குள் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கும் லாங்கர்ஹான்ஸ் தீவுகள் இன்சுலினைச் சுரப்பவை. இந்தத் தீவுகளைத் தனியாகப் பிரிப்பது அந்தக் காலத்தில் பெரும்பாடு. அரைத்துச் சாறு எடுத்தால், செரிமான நீர் இன்சுலினைத் தின்றுவிடும்.

ஆனால் எலும்பு மீன்கள் பலவற்றில் இயற்கையே அதைப் பிரித்து வைத்திருக்கிறது. தீவுத் திசு, கண்ணுக்குத் தெரிகிற சிறு உருண்டையாகத் தனியே இருக்கும். ஸ்காட்லாந்தில் ரென்னி, ஃபிரேசர் என்ற இருவர், 1907-லேயே இந்த மீன் உருண்டைகளை நீரிழிவு நோயாளிகளுக்குச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. இன்சுலின் ஒரு புரதம், வயிற்றுக்குள் போனால் செரித்துவிடும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

1922 ஜனவரியில் டொரண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. பேன்டிங்கோடு 1923-ன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜே.ஜே.ஆர். மெக்லியோட், 1922 கோடையில் ஆய்வகத்தை விட்டுவிட்டுக் கனடாவின் அட்லாண்டிக் கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் கடல் உயிரியல் நிலையத்துக்குப் போனார். போனது மீனைத் தேடி. ஆங்ளர் மீன், ஸ்கல்பின் போன்றவற்றின் தீவுகளைத் தனியாக எடுத்து, அதன் சாறு சர்க்கரையைக் குறைக்கிறது என்று காட்டினார். இன்சுலின் வருவது தீவுகளிலிருந்துதான் என்ற வாதத்துக்கு இது நல்ல சாட்சி.

சரி, அந்த மீனுக்கே தீவுகளை வெட்டி எடுத்துவிட்டால் அதற்கு நீரிழிவு வருமா? இந்தக் கேள்வியைத்தான் மெக்லியோடும் மெக்கார்மிக்கும் 1925-ல் வெளியிட்ட கட்டுரையில் எடுத்துக்கொண்டார்கள். தலைப்பே சுவாரசியம்: பல்வேறு சூழ்நிலைகள் மீனின் ரத்தச் சர்க்கரையை என்ன செய்கின்றன என்பது முதலில் வருகிறது, தீவு நீக்கம் அதற்குப் பிறகுதான். ஏன் அப்படி? தீவை எடுத்தால் சர்க்கரை ஏறுகிறதா என்று பார்க்க, எடுக்காத மீனின் சர்க்கரை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். அந்த எண்ணோ நிலையாக நிற்கவில்லை. குறிப்பாக, மூச்சுத் திணறினால் சர்க்கரை ஏறியது. மீனைத் தண்ணீரிலிருந்து தூக்கினாலே அதற்கு மூச்சுத் திணறும். ஆக, சோதனைக்காகத் தூக்குவதே சோதனையைக் கெடுக்கிறது.

அளந்தால் மாறுகிற பொருள்

எங்கள் தொழிலில் 'ஹைசன்பக்' என்று ஒன்று உண்டு. புரோகிராம் தப்பாக ஓடும். என்னவென்று பார்க்க டீபக்கரைப் போட்டால், அல்லது நடுவில் ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால், சமர்த்தாக ஓடும். பிரிண்டை எடுத்தால் மறுபடியும் தப்பு. பார்க்கிற செயலே நேரக் கணக்கை மாற்றிவிடுகிறது. மீன் ரத்தம் ஒரு ஹைசன்பக்.

1930-ல் கிரே, ஹால் என்ற அமெரிக்கர்கள் கடல் மீன்களை ஒப்பிட்டு, கானாங்கெளுத்தி மாதிரி சதா ஓடிக்கொண்டிருக்கும் மீன்களுக்கு ரத்தச் சர்க்கரை அதிகம், அடியில் சோம்பிக் கிடக்கும் மீன்களுக்குக் குறைவு என்று எழுதினார்கள். அந்தப் போக்கு உண்மைதான். ஆனால் ஓட்டக்கார மீன் பிடிபடும்போது அதிகம் போராடும் என்பதையும் சேர்த்துப் படித்தால், அந்த எண்ணில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு போராட்டம் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இதைக் கணக்காகப் பிடித்தது 1960-கள். 1967-ல் நகானோ, டாம்லின்சன் இருவரும் வானவில் டிரவுட் மீனைத் தொந்தரவு செய்து, அட்ரினலின் வகை ஹார்மோன்களையும் சர்க்கரை, கிளைக்கோஜன் அளவுகளையும் ஒருசேரப் பார்த்தார்கள். (நீலகிரி அவலாஞ்சியில் வளர்க்கும் அதே டிரவுட்தான்.) 1970-ல் சேவின், யங் என்ற இருவர், வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் தங்கமீனை எடுத்துக்கொண்டு, "இதன் இயல்பான சர்க்கரை அளவு என்ன?" என்ற ஒரே கேள்விக்கு ஒரு முழு ஆய்வைச் செலவிட்டார்கள். பிடிப்பது, கையாள்வது, இடம் மாற்றுவது, எல்லாமே எண்ணைத் தள்ளின.

வெளியே வர இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று, வேகம். தொந்தரவு தொடங்கி இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் ரத்தம் எடுத்துவிட்டால், கார்ட்டிசோலும் சர்க்கரையும் ஏறுவதற்கு முந்தைய அளவை ஓரளவு பிடித்துவிடலாம். இன்னொன்று, 1964-ல் ஸ்மித், பெல் இருவரும் சால்மனுக்குச் செய்தது: மயக்க மருந்து கொடுத்து, மீனின் முதுகுத் தமனியில் மெல்லிய குழாயைப் பொருத்தி, மீனைத் தண்ணீரில் விட்டுவிடுவது. மயக்கம் தெளிந்து, மீன் அமைதியாகி, தன் பாட்டுக்கு நீந்தும்போது குழாயின் மறுமுனையில் ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். ஓடுகிற புரோகிராமை நிறுத்தாமல் ஓரமாக லாக் எடுக்கிற மாதிரி.

ரொக்கமும் தூணும்

இதுவரை அட்ரினலின் கதை. இரண்டாவது ஹார்மோன் இன்னும் மெதுவாக வந்து சேர்ந்தது.

1936-ல் மாண்ட்ரியாலில் இருந்த ஹான்ஸ் செல்யே 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். குளிர், காயம், விஷம், அளவுக்கு மீறிய உழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்றார். அந்தப் பதிலில் முக்கியப் பங்கு அட்ரினல் சுரப்பியின் வெளிப்புறப் பட்டைக்கு. 1940-ல் யேல் பல்கலைக்கழகத்தில் லாங், கேட்சின், ஃபிரை ஆகியோர் அந்தப் பட்டையின் சாறு, புரதத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது என்று விரிவாகக் காட்டினார்கள். அந்த வகை ஹார்மோன்களுக்கு 'குளுக்கோகார்ட்டிகாய்டு' என்று பெயர் வந்ததே இதனால்தான். 1950-ல் கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் இந்த ஹார்மோன்களுக்காக நோபல் பரிசு கிடைத்தது.

மீனுக்கு நம்மைப் போலத் தனி அட்ரினல் சுரப்பி கிடையாது. சிறுநீரகத்தின் முன்பகுதியைத் 'தலைச் சிறுநீரகம்' என்பார்கள். அதற்குள்ளேயே அட்ரினலின் சுரக்கும் செல்களும் ஸ்டீராய்டு சுரக்கும் செல்களும் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. அந்த ஸ்டீராய்டு நம்முடையதுதானா என்ற கேள்விக்கு 1957-ல் பதில் வந்தது. யேலில் பாண்டி, அப்டன், கிரேஸ் பிக்ஃபோர்டு மூவரும் மீனின் ரத்தத்தில் கார்ட்டிசோல் இருப்பதை நிரூபித்தார்கள். எலியின் பிரதான ஸ்டீராய்டு கார்ட்டிகோஸ்டீரோன். எலும்பு மீன்களுக்கோ கார்ட்டிசோல், மனிதனைப் போலவே. இந்த ஒரு விஷயத்தில் எலியைவிட மீன் நமக்கு நெருக்கம்.

இரண்டு ஹார்மோன்களும் செய்கிற வேலை ஒன்றல்ல. காரைக்குடிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம்.

ஆபத்து வந்த நொடியில் அட்ரினலின் கிளம்புகிறது. கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக ரத்தத்தில் கொட்டுகிறது. அது பெட்டகத்தில் இருக்கிற ரொக்கத்தை எடுத்துச் செலவு செய்வது. உடனே கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்துபோகும்.

கார்ட்டிசோல் நிமிடக் கணக்கில் ஏறி, மணிக் கணக்கில், சில சமயம் நாள் கணக்கில் வேலை செய்கிறது. மூளையிலிருந்து பிட்யூட்டரிக்கு, பிட்யூட்டரியிலிருந்து தலைச் சிறுநீரகத்துக்கு என்று சேதி போய்ச் சேர வேண்டும். பிறகு அது செல்லுக்குள் நுழைந்து, மரபணுக்களை இயக்கி, புது நொதிகளைத் தயாரிக்க வைக்கிறது. அந்த நொதிகள் தசைப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களையும், துள்ளியதில் சேர்ந்த லாக்டேட்டையும் சர்க்கரையாக மாற்றுகின்றன. இது ரொக்கம் தீர்ந்த பிறகு வீட்டின் தேக்குத் தூணைப் பெயர்த்து முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடையில் விற்பது. காசு வரும். ஆனால் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

மூச்சிரைப்புக்காக எங்கள் அப்பாவுக்குப் பத்து நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தபோது, எப்போதும் 150-ஐத் தாண்டாத சுகர் 300-க்குப் போனது. "இனிப்பே தொடலையேப்பா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னது நிஜம்தான். சர்க்கரை வாய் வழியாக வரவில்லை, உள்ளேயே தயாரானது. டிரவுட்டின் கல்லீரலுக்கும் அவர் கல்லீரலுக்கும் உத்தரவு ஒன்றுதான்.

மீனுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். பல மீன்கள், குறிப்பாக மாமிசம் தின்பவை, ஏறிய சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கத் தெரியாதவை. டிரவுட்டுக்குக் குளுக்கோஸ் கொடுத்தால் அளவு பழைய நிலைக்கு வர ஒரு நாள்கூட ஆகலாம். அவற்றின் இயல்பான சாப்பாடு புரதமும் கொழுப்பும்தானே! மாவுச்சத்தை வைத்துக் குடித்தனம் பண்ணிப் பழக்கம் இல்லை.

மண்டபத்தில் இறங்கிய ஜிலேபி

இனி நம்ம ஊர். ஜிலேபிக் கெண்டை தெரியாதவர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்க முடியாது. அதன் சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. பிறகு ஜாவா, அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா. 1952-ல் பாங்காக்கிலிருந்து மண்டபத்தில் இருந்த மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். வேகமாகப் பெருகும், கண்டதைத் தின்னும், உப்புத் தண்ணீரும் தாங்கும், குஞ்சுகளைத் தாய் வாயிலேயே வைத்துக் காக்கும். ஏழைகளின் புரதம் என்று நினைத்து விட்டார்கள். அது குளத்தையே நிரப்பி மற்ற மீன்களை நெருக்கியதும், 1959-ல் இனிமேல் பரப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். தடை ஏட்டில் இருந்தது. ஜிலேபி கண்மாயில் இருந்தது.

எதையும் தாங்கும் அந்தக் குணமே ஜிலேபியை ஆய்வக மீனாக்கியது. 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில் எம்.என். குட்டி, இந்த மீன் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறது, எவ்வளவு அம்மோனியா வெளியேற்றுகிறது என்று அளந்து 1972-ல் வெளியிட்டார். அம்மோனியா புரதத்தை எரிப்பதன் தடயம். அதாவது, மீன் ரொக்கத்தில் ஓடுகிறதா தூணை விற்று ஓடுகிறதா என்று வெளியேயிருந்து பார்க்கும் ஜன்னல். இந்தத் துறை என்றாலே கனடாவும் ஹாலந்தும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, மதுரையிலிருந்து, நம்ம ஜிலேபியை வைத்து வந்த கட்டுரையைப் பார்த்ததும் ஒரு தனி சந்தோஷம்.

ஹாலந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் வெண்டலார் பொங்கா குழுவும் இதே மீனில் வருடக்கணக்கில் வேலை செய்தது. மீனின் ஸ்ட்ரெஸ் பற்றி அவர் 1997-ல் எழுதிய நீண்ட தொகுப்புக் கட்டுரையை இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே 1997-ல் எம்.எம். விஜயனும் சகாக்களும் ஜிலேபியை நெருக்கமான இடத்தில் அடைத்து வைத்து, அதன் சர்க்கரை வளர்சிதை மாற்றத்தில் கார்ட்டிசோலின் பங்கு என்ன என்று ஆராய்ந்தார்கள். இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு நல்ல உத்தி உண்டு. ஆர்யூ-486 என்ற மருந்து, கார்ட்டிசோல் போய் உட்காரும் ஏற்பியை அடைத்துவிடும். ஹார்மோன் ரத்தத்தில் இருக்கும், உத்தரவு மட்டும் செல்லைப் போய்ச் சேராது. அப்போது எது நடக்கவில்லையோ, அது கார்ட்டிசோலின் வேலை. ஒரு ஃபங்ஷனை கமெண்ட் பண்ணிவிட்டு எந்த டெஸ்ட் ஃபெயில் ஆகிறது என்று பார்க்கிறோமே, அதேதான்.

இதே காலத்தில், 1970-களிலிருந்து, நம் நாட்டுக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் இன்னொரு வகை ஆராய்ச்சி அலை அடித்தது. விரால், தேளி, ஜிலேபி என்று கையில் கிடைத்த மீனைக் கொஞ்சம் பூச்சிமருந்து கலந்த தண்ணீரில் விடுவார்கள். கொல்லாத அளவுதான். பிறகு ரத்தச் சர்க்கரையும் கல்லீரல் கிளைக்கோஜனும் பார்ப்பார்கள். பெரும்பாலும் சர்க்கரை ஏறியிருக்கும், கிளைக்கோஜன் இறங்கியிருக்கும். அப்போது வயலில் அடித்த எண்டோசல்ஃபானும் மாலத்தியானும் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குத்தான் வந்தன என்பதால் இது நியாயமான கேள்வி. ஆனால் தங்கமீன் கதையைப் படித்தவர்கள் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மருந்தில்லாத தண்ணீரில் இருந்த மீனையும் அதே விதமாக, அதே வேகத்தில் பிடித்துத்தான் ரத்தம் எடுத்தார்களா? அது எழுதப்பட்டிருந்தால் எண்ணை நம்பலாம். எழுதப்படவில்லை என்றால், நாம் படிப்பது மருந்தின் விளைவா வலையின் விளைவா என்று பிரிக்க முடியாது.

மூன்றாம் நாள் ஏன் சாகிறது?

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எங்கள் பக்கம் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்தால் மீன்பாசி ஏலம் நடக்கும். எடுத்தவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் விரலிகளை வாங்கி விடுவார்கள். சில வருடங்களுக்கு முன் என் மச்சான் ஒருவரும் கூட்டாக எடுத்தார். ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளில், வேனில், நாலைந்து மணி நேரப் பயணம். விடும்போது எல்லாம் உயிரோடுதான் இருந்தன. இரண்டு நாள் கழித்துக் கரையோரம் வெள்ளை வெள்ளையாக மிதக்க ஆரம்பித்தன. "விட்டன்னைக்குச் சாகாத மீனு, மூணு நாள் கழிச்சு எதுக்கு மாப்ள சாகுது?" என்று அவர் கேட்டார். போட்ட பணம் சின்னத் தொகை இல்லை.

அவர் கண்மாயில் நடந்ததற்குப் பல காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனால் தாமதமாகச் சாவது மீன் ஆய்வாளர்களுக்குப் பழகிய விஷயம், அதன் வழிமுறையும் தெரிந்ததே. பிடித்து, எண்ணி, பையில் அடைத்து, குலுங்கக் குலுங்கக் கொண்டுவருவதில் அட்ரினலின் ஏறுகிறது. செவுளில் ரத்த ஓட்டம் கூடுகிறது. ஆக்சிஜன் அதிகம் வரும், ஆனால் அதே செவுள் வழியாக நன்னீர் மீன் உடம்பின் உப்பை இழக்கும், தண்ணீர் உள்ளே புகும். கார்ட்டிசோல் இந்த உப்புச் சமநிலையைச் சரிசெய்ய உதவுகிறது, கூடவே சர்க்கரைத் தயாரிப்பையும் முடுக்கிவிடுகிறது. அந்தச் சர்க்கரை பெரும்பாலும் இந்தப் பழுதுபார்க்கும் வேலைக்குத்தான் செலவாகும். கார்ட்டிசோல் நீண்ட நேரம் உயரத்திலேயே நின்றால், நோய் எதிர்ப்பு குறையும். சாதாரணமாக ஒன்றும் செய்யாத பூஞ்சையும் பாக்டீரியாவும் அப்போது கைவரிசையைக் காட்டும். கொன்றது கிருமியாக இருக்கலாம், கதவைத் திறந்துவிட்டது பயணம்.

மீன் பண்ணையாளர்கள் அனுபவத்தில் கடைப்பிடிக்கும் பல பழக்கங்களுக்கு இப்போது அர்த்தம் புரிகிறது. பயணத்துக்கு முன் குஞ்சுகளைப் பட்டினி போட்டுத் தொட்டியிலோ வலைக்கூண்டிலோ நெருக்கமாக வைத்துப் பழக்குவார்கள். வயிறு காலியானால் பைத் தண்ணீரில் அம்மோனியா குறையும், நெருக்கமும் பழகும். தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போடுவார்கள். செவுள் வழியே உப்பு ஒழுகுவது குறையும், பழுதுபார்க்கும் செலவு மிச்சம். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவார்கள். வந்ததும் பையைத் திறக்காமல் கண்மாய்த் தண்ணீரில் மிதக்க விட்டு, வெப்பம் சமமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கலப்பார்கள். எல்லாமே ஒரே கணக்கு: ரொக்கம் தீர்ந்து தூணில் கை வைக்கும் நிலைக்கு மீனைத் தள்ளாமல் இருப்பது.

தூணில் கை வைத்தால் நஷ்டம் எவ்வளவு என்பதற்கு 2019-ல் ஃபாட், விஜயன் இருவரும் வெளியிட்ட ஆய்வு நல்ல சாட்சி. கார்ட்டிசோல் ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றிய வரிக்குதிரை மீன்களின் தசைக்கு அதிகச் சர்க்கரை கிடைத்தது, அவை அதிகம் வளர்ந்தன. அதற்காகக் கார்ட்டிசோலே வேண்டாம் என்று முடிவு கட்ட முடியாது. ஆபத்தே இல்லாத ஆய்வகத் தொட்டியில் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஓயாத தொந்தரவில் இருக்கும் மீன் ஏன் தீனி தின்றும் எடை போடுவதில்லை என்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது.

ஒரு எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்போ சர்க்கரையைப் பார்த்தே மீனின் ஸ்ட்ரெஸ்ஸைச் சொல்லிவிடலாமே?" என்று கேட்பீர்கள். அவ்வளவு நேராக இல்லை. 1999-ல் மாம்சன், விஜயன், மூன் மூவரும் மீனில் கார்ட்டிசோல் பற்றிய அத்தனை ஆய்வுகளையும் தொகுத்தார்கள். கார்ட்டிசோல் கொடுத்ததும் சில ஆய்வுகளில் சர்க்கரை ஏறியது, சிலவற்றில் அசையவே இல்லை. இனம், கடைசியாகத் தின்றது எப்போது, பருவம், கல்லீரலில் எவ்வளவு கையிருப்பு என்று எல்லாமே விடையை மாற்றுகின்றன. கையிருப்பே இல்லாத பட்டினி மீன் எவ்வளவு பயந்தாலும் சர்க்கரை பெரிதாக ஏறாது. குறைந்த எண் என்றால் நிம்மதியான மீன் என்று அர்த்தமில்லை, ஓட்டாண்டி மீனாகவும் இருக்கலாம்.

அதே 1999-ல் வெல்ஸ், பாங்க்ஹர்ஸ்ட் என்ற இருவர், நம் வீட்டில் இருக்கிற சுகர் மெஷின் மாதிரி கைக்கருவிகளை மீனுக்குப் பயன்படுத்தலாமா என்று சோதித்தார்கள். இன்று பல ஆய்வாளர்கள் களத்தில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். மனித ரத்தத்துக்காக அளவு திருத்தப்பட்ட மெஷின் என்பதால் மீனுக்கு அது பெரும்பாலும் குறைவாகக் காட்டும். ஒரே மெஷினில் இரண்டு தொட்டிகளை ஒப்பிடலாம், புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

2015-ல் பெல்ஜியத்தில் வேறொரு கதவு திறந்தது. கெண்டை மீனின் செதிலில் கார்ட்டிசோல் படிந்து சேர்வதைக் காட்டினார்கள். ரத்தம் இந்த நிமிடத்தைச் சொல்லும், செதில் கடந்த நாட்களின் கூட்டுத்தொகையைச் சொல்லும். நமக்கு ஃபாஸ்டிங் சுகரும் எச்.பி.ஏ.ஒன்.சி.யும் மாதிரி. பிடித்த நேரத்துப் பதற்றம் செதிலை உடனே மாற்றிவிடாது. மெக்லியோடு காலத்திலிருந்து தொல்லை கொடுத்த ஹைசன்பக்குக்கு நல்ல பேட்ச் என்று இதைத்தான் சொல்வேன்.

பெர்னாரின் முயலிலிருந்து செதில் வரை படித்ததில் எனக்குத் தங்கியது ஒரு பழக்கம். இப்போதெல்லாம் ஒரு சர்க்கரை எண்ணைப் பார்த்தால், அது மீனுடையதோ மனிதருடையதோ, எவ்வளவு என்பதற்கு முன்னால் எப்போது எடுத்தது, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது என்றுதான் கேட்கிறேன். லேபுக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினீர்களா, ராத்திரி தூங்கினீர்களா, காய்ச்சல் இருந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறீர்களா? டாக்டரிடம் அந்தச் சீட்டோடு இதையும் சொல்லுங்கள். எண் பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறது.

அடுத்த பதிவில் பனையேறிக் கெண்டை. தண்ணீரை விட்டு வெளியே வந்தும் மூச்சு விடுகிற மீனுக்கு, மூச்சுத் திணறல் என்றால் என்ன? கேரளப் பல்கலைக்கழகத்தில் இந்த மீனை வைத்து நடந்த வேலைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் எழுதுகிறேன்.